மீளாதோர் சாட்சி



பாம்பு கடித்துப் பிழைத்த ஒருவர் பேசக் கேட்டதுண்டா நீங்கள்? நான் கேட்டிருக்கிறேன். களை பறிக்கையில் காலில் கடித்ததாம். கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, நால்வர் தூக்கிக்கொண்டு, பக்கத்து ஊர் மந்திரக்காரரிடம் ஓடினராம். அவர் வேப்பிலை வீசினார். வேர் ஒன்றை அரைத்துக் கொடுத்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பொழுது விடிந்தது, கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார். இன்று டீக்கடைப் பலகையில் அமர்ந்து, "நானே சாட்சி! இதைவிட என்னய்யா சான்று வேண்டும் உங்களுக்கு?" என்று மார்தட்டுகிறார். சுற்றி நிற்போர் தலையசைக்கின்றனர்.

அவர் பொய்யர் அல்லர். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பகுத்தறிவு பேசும் நம்மில் சிலர், இத்தகையவரைக் கண்டதும் கேலி பேசத் தொடங்கிவிடுகின்றனர். அது அறிவும் ஆகாது, பண்பும் ஆகாது. பாம்பு கடித்தது உண்மை. மந்திரித்தது உண்மை. பிழைத்ததும் உண்மை. மூன்று உண்மைகளையும் சேர்த்துக் கட்டிய முடிச்சு ஒன்றிருக்கிறதே, அதுதான் அவிழ்த்துப் பார்க்க வேண்டியது.

நம் நாட்டில் ஊர்ந்து திரியும் பாம்புகள் 300 வகைக்கு மேல். அவற்றுள் பெரும்பாலானவை நஞ்சற்றவை. ஆளைக் கொல்வதில் பெரும்பங்கு வகிப்பவை நான்கே: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இந்த நான்கில் ஒன்றே கடித்தாலும், ஒவ்வொரு கடியிலும் நஞ்சு இறங்கிவிடுவதில்லை. அப்படியானால், பத்துப் பேரைப் பாம்பு கடித்தால், மந்திரமும் இன்றி, மருந்தும் இன்றி, வெறுமனே திண்ணையில் படுத்திருந்தே பிழைத்துக்கொள்பவர் பலர் இருப்பர். அந்தப் பலரும் மந்திரக்காரர் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தால், பெயர் யாருக்குப் போகும்?

எஞ்சிய சிலர் இருக்கிறார்களே, அவர்கள் எங்கே? மண் தரையில் பாய் விரித்துப் படுத்தவனைக் கட்டுவிரியன் நள்ளிரவில் கடிக்கிறது. பல்தடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. வலி மிகுதியில்லை, வீக்கமும் இல்லை. எறும்பு கடித்தது என்று எண்ணிப் புரண்டு படுக்கிறான். விடியுமுன் கண்ணிமை தொங்குகிறது, நாக்குக் குழறுகிறது, மூச்சை இழுக்கும் தசை செயலிழக்கிறது. அந்த நேரத்தில் அவனை மந்திரக்காரரிடம் தூக்கிச் செல்கின்றனர். மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டிய பொன்னான இரண்டு மணி நேரம் வேப்பிலையில் கரைகிறது. அவன் மறுநாள் டீக்கடைக்கு வருவதில்லை. அவன் மார்தட்டுவதில்லை. "மந்திரம் என்னைக் கைவிட்டது" என்று சாட்சி சொல்ல அவனுக்கு வாய் இல்லை!

2000 முதல் 2019 வரையுள்ள இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக் கடியால் மாண்டோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். சராசரியாக ஆண்டுக்கு 58,000 உயிர்கள். பெரும்பாலோர் சிற்றூர் மக்கள்; உழுவோர், நடுவோர், அறுப்போர். இவ்வளவு பெரிய கூட்டம் வாய்மூடிக் கிடக்கிறது. பிழைத்த ஒருவரின் குரல் மட்டும் ஊரெங்கும் ஒலிக்கிறது. அந்த ஒரு குரலை நம்பி அடுத்த வீட்டுப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அங்கேயே ஓடுகிறோம்.

இத்தனைக்கும் நஞ்சை முறிக்கும் மருந்து நம்மிடம் இல்லாமற் போகவில்லை. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், பாம்பு பிடிப்பதையே குலத்தொழிலாகக் கொண்ட இருளர் பெருமக்கள் 1978-ம் ஆண்டில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பாம்பைப் பிடித்து, நஞ்சைக் கறந்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்த நஞ்சு குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றப்பட்டு, குதிரையின் குருதியில் விளையும் எதிர்ப்பொருள் பிரிக்கப்பட்டு, ஊசிமருந்தாக அரசு மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-ல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. எழுத்தறிவு எட்டாத மக்கள் என்று ஏட்டறிவினர் ஏளனம் செய்த இருளர் கையிலிருந்து மருந்து பிறக்கிறது. ஏட்டறிவினர் பலர் கையில் இன்னும் தாயத்துத் தொங்குகிறது. வேடிக்கையன்றோ!

மீளாதோரைக் கணக்கில் எடுக்காமல் மீண்டோரை மட்டும் எண்ணும் இந்தப் பிழை நேற்றுப் பிறந்ததன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ரோமானியப் பேரறிஞர் சிசரோ, கடவுளரின் இயல்பு பற்றிய தம் நூலில் ஒரு செய்தியைக் குறித்து வைத்துள்ளார். கிரேக்கத்தில் டயகோரஸ் என்றொருவர். நாத்திகர் என்று பெயரெடுத்தவர். அவரிடம் ஒரு நண்பர், கடலில் புயலுக்குத் தப்பியோர் நன்றிக்கடனாக மாட்டிய படங்களைக் காட்டி, தெய்வங்கள் மனிதரைக் காப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்டாராம். வேண்டிக்கொண்டும் மூழ்கிப்போனவர்களின் படங்கள் எங்கே மாட்டப்பட்டுள்ளன என்று திருப்பிக் கேட்டார் டயகோரஸ். 1620-ல் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் இதே கதையை எடுத்தாண்டு, மனித மனம் தனக்கு உவந்ததை எண்ணி, உவவாததை விட்டுவிடும் இயல்பினது என்று விளக்கினார். நம் ஊர்க் கோயில்களில் நோய் தீர்ந்தோர் செலுத்திய வெள்ளிக் கண்மலரும் கைகால்களும் குவிந்து கிடப்பதைக் காண்கிறோம். தீராதோர் செலுத்தியது ஏதேனும் உண்டா?

பக்தர்களை மட்டும் நான் குறைகூறுவதாக எண்ணிவிடாதீர்கள். படைத்தளபதிகளும் இடறி விழக்கூடிய இடம் இது. இரண்டாம் உலகப் போர்க் காலம். குண்டு வீசச் சென்ற விமானங்கள் உடலெங்கும் துளைகளோடு திரும்பின. விமானம் முழுவதும் கவசத் தகடு பொருத்தினால் பறக்காது. சில இடங்களுக்கு மட்டுமே பொருத்தலாம். எங்கே பொருத்துவது? துளை மிகுந்த இடத்தில் என்றுதானே உங்களுக்கும் எனக்கும் தோன்றும்? நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளியியல் குழுவில் ஆபிரகாம் வால்டு என்ற அறிஞர் இருந்தார். யூதராகப் பிறந்த குற்றத்துக்காக ஐரோப்பாவில் பதவி மறுக்கப்பட்டு, 1938-ல் அமெரிக்காவுக்குப் புகலிடம் தேடிச் சென்றவர். 1943-ல் அவர் எழுதிய குறிப்புகளின் சாரம் இது: நாம் பார்ப்பவை திரும்பி வந்த விமானங்கள். இவற்றில் துளை மிகுந்த இடம், அடிபட்டும் தாங்கக்கூடிய இடம். துளை அரிதாகக் காணப்படும் இடம், அடிபட்டால் தாங்காத இடம். அங்கே அடிபட்டவை திரும்பவே இல்லை! பொறி இருக்கும் பகுதியே ஆபத்தானது என்று அவர் கணக்குக் காட்டியது. (தளபதிகள் வாய் பிளந்து நின்றனர் என்றெல்லாம் பின்னர் வந்தோர் மெருகேற்றிச் சொல்வதுண்டு. வால்டு எழுதியது நாடகமன்று, வறண்ட கணக்கு. ஐயப்பாடு பற்றி எழுதும் கட்டுரையில் அதையும் சொல்லாமல் விட்டால் பிழையாகும்.)

அந்த மாமேதை இந்திய அரசின் அழைப்பை ஏற்றுச் சொற்பொழிவாற்ற இங்கு வந்தார். 1950-ம் ஆண்டு டிசம்பர் 13-ம் நாள், அவரும் அவர் துணைவியாரும் சென்ற விமானம் நம் நீலகிரி மலையில், கோத்தகிரிப் பக்கம் ரங்கசாமித் தூணுக்கு அருகில் மோதி நொறுங்கியது. திரும்பாத விமானங்களை எண்ணச் சொன்னவர் ஏறிய விமானமும் திரும்பவில்லை. நீலகிரிக்கு இன்பச் செலவு செல்வோரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

இனி, வெற்றியைப் பற்றிய நம் நம்பிக்கைகளுக்கு வருகிறேன்.

நகரச் சாலை ஓரங்களில் பயிற்சி நிலையங்களின் விளம்பரப் பலகைகளைப் பாருங்கள். சிரித்த முகங்கள் வரிசை வரிசையாக! "எங்களிடம் பயின்று வென்றவர்கள்." எத்தனை பேர் பயின்றனர் என்று பலகையில் எங்கேனும் எழுதியிருக்கிறதா? நூறு முகங்கள் பெரிய எண்ணிக்கைதான். சேர்ந்தவர் இருநூறு பேர் என்றால் பாராட்டலாம். இருபதாயிரம் பேர் என்றால்? மேலே உள்ள எண்ணைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டு, கீழே உள்ள எண்ணை மறைப்பது கணக்கறிவற்றோர் செய்கையன்று. நன்றாகக் கணக்கறிந்தோர் செய்கை. நகையை விற்றுக் கட்டணம் கட்டும் தந்தை அந்தக் கீழெண்ணைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வெற்றிக்கு வழி கூறும் நூல்களும் இவ்வாறே. சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859-ல் "தன்னுதவி" என்ற பொருள்பட ஆங்கில நூல் எழுதிய நாள்தொட்டு, உயர்ந்தோர் வரலாற்றிலிருந்து உயரும் வழியைப் பிழிந்து கொடுக்கும் தொழில் ஓயவில்லை. "நான் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தேன், அதனால் செல்வனானேன்" என்கிறார் ஒரு சீமான். நல்லது. தெருக் கூட்டும் தொழிலாளி எத்தனை மணிக்கு எழுகிறார்? பால் கறப்பவர்? கோயம்பேட்டில் பூமூட்டை இறக்குபவர்? நான்கு மணிக்கு எழுவது செல்வம் தரும் என்றால், இந்நாட்டின் பெருஞ்செல்வர் பட்டியலில் முதற்பெயர்கள் யாருடையவையாக இருந்திருக்கும்!

"பில் கேட்ஸ் கல்லூரியைப் பாதியில் விட்டார், பெருஞ்செல்வர் ஆகவில்லையா?" என்று கேட்கும் இளைஞர் உண்டு. 1975-ல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறியவர்தாம் அவர். ஆனால் 1968-லேயே, உலகில் பல பல்கலைக்கழகங்களுக்கே கணிப்பொறி எட்டாத காலத்தில், அவர் படித்த பள்ளியில் கணிப்பொறியோடு இணைந்த கருவி இருந்தது. அந்தப் பகுதியை விட்டுவிட்டு, கல்லூரியை விட்ட பகுதியை மட்டும் பிடித்துக்கொள்வானேன்? படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டறையிலும் பண்ணையிலும் மடிந்தோர் கோடானுகோடி. அவர்களுக்கு வரலாறு எழுதுவார் இல்லை.

நம் மண்ணிலும் இதே வாதம் உண்டு. "காமராசர் என்ன படித்தார்? முதலமைச்சர் ஆகவில்லையா?" என்று பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திய தகப்பன்மார் கேட்டதுண்டு. ஆனால், அந்தக் காமராசர் தம் வாழ்விலிருந்து என்ன முடிவு கட்டினார்? படிப்பின்றியும் உயரலாம் என்றா? ஊர்தோறும் பள்ளி திறந்தார்; பசித்த வயிறு பாடம் கேளாது என்று 1956-ல் மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் பரப்பினார். தாம் ஒருவர் ஏறிவிட்டதைக் கண்டு, ஏற முடியாத பல்லாயிரவரை அவர் மறந்துவிடவில்லை. வென்றவர் தம் வெற்றியையே சட்டமாக்காமல், தோற்றோரை எண்ணிப் பார்த்ததற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பள்ளிச் சோறு உண்டு, உதவித் தொகை பெற்று, இட ஒதுக்கீட்டின் கைப்பிடித்து மேலேறியவர் சிலர், இன்று மாடி வீட்டுச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, "எல்லாம் என் உழைப்பு! இவர்களுக்கு எதற்குச் சலுகை?" என்று பேசுவதைக் கேட்கிறோம். உழைத்தார், மறுக்கவில்லை. அவரோடு அதே வகுப்பில் அமர்ந்து அதேபோல் உழைத்த இன்னொரு பையன், தந்தை இறந்ததும் மாடு மேய்க்கப் போனானே, அவன் உழைப்பு எந்தக் கணக்கில்? 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் உணவு வழங்கத் தொடங்கியது முதல், 1956, 1982, 2022 என்று ஆட்சிகள் மாறியும் தொடர்ந்து வந்துள்ள அந்தத் தட்டுச் சோற்றுக்கு, வென்றவர் எழுதும் வாழ்க்கை வரலாற்றில் ஒரு வரியாவது இடம் வேண்டாமா?

உழைப்பு வீண் என்று நான் சொல்வதாக எவரும் திரித்துரைக்க வேண்டாம். உழையாதவன் வெல்வது அரிது. உழைத்தவரெல்லாம் வெல்வதில்லை என்பது அதற்குப் பக்கத்திலேயே நிற்கும் இன்னோர் உண்மை. இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் மன உரம் வேண்டும், அவ்வளவே.

அரசியலார் மட்டும் இதற்கு விலக்கா? தேர்தல் வந்தால் பஞ்சாங்கம் பார்த்து வேட்புமனுக் கொடுப்போர் எல்லாக் கட்சியிலும் உளர். பகுத்தறிவு மேடையில் பேசிவிட்டுப் புதன்கிழமை பன்னிரண்டு மணி முதல் ஒன்றரை மணி வரை மட்டும் மனுவைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்த நண்பர்களையும் நான் அறிவேன், பெயர் வேண்டாம்! 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 இடங்களுக்கு நின்றவர் ஏறத்தாழ 4,000 பேர். நல்ல நேரம் பார்த்தவரில் எத்தனை பேர் ஆறில் ஒரு பங்கு வாக்கும் பெறாமல் கட்டிய பணத்தை இழந்தனர்? வென்றவரின் சோதிடர் வீட்டு வாசலில் அடுத்த முறையும் கார்கள் நிற்கும். தோற்றவரின் சோதிடரும் அதே சோதிடராக இருக்கலாம். அதை யார் கேட்பது!

நம் பக்கத்துப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். மைதானம் நிரம்பிய பொதுக்கூட்டத்தைக் கண்டு, "மக்கள் வெள்ளம்! வெற்றி உறுதி!" என்று எழுதிக் குவித்த பேனாக்களில் என் பேனாவும் ஒன்று. வந்தவர்களைப் பார்த்தோம். வராமல் வீட்டில் இருந்தவர்கள்தாம் கூட்டம். அவர்கள் கையிலும் வாக்குச்சீட்டு உண்டு என்பதை எண்ணிக்கை நாளன்று அறிந்தோம்.

சோதிடத்தைச் சோதித்துப் பார்த்தவரும் உண்டு. மராட்டிய மாநிலத்தில் வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகரும், மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தின் நரேந்திர தபோல்கரும் மற்றும் சிலரும் சேர்ந்து, படிப்பில் சிறந்த பிள்ளைகளும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுமாக 200 பேரின் ஜாதகங்களைத் திரட்டினர். சோதிடர்களிடம் தலைக்கு 40 ஜாதகம் கொடுத்து, எது எவருடையது என்று பிரித்துக் காட்டக் கேட்டனர். விடை அனுப்பியவர் 27 பேர். காசைச் சுண்டிப் போட்டாலே பாதி சரியாக அமையும். அவர்கள் விடைகளின் சராசரி அந்தப் பாதியைக்கூட எட்டவில்லை. முடிவு 2009-ல் வெளியாயிற்று. கேள்வி கேட்டதே குற்றமாயிற்றோ என்னவோ, 2013-ம் ஆண்டு ஆகஸ்டு 20 காலையில், புனே நகரில் நடைப்பயிற்சிக்குச் சென்ற தபோல்கரைச் சுட்டுக் கொன்றனர்.

"போகட்டுமய்யா! சகுனம் பார்ப்பதால் யாருக்கு என்ன கெடுதல்?" என்று கேட்பீர். கெடுதலை நான் ஒரு வீட்டில் கண்டேன். உறவினர் வீடுதான். மருமகள் வந்து நாற்பது நாளில் மாமனார் மாரடைப்பால் இறந்தார். "வந்தவள் ராசி!" என்றனர். அன்று தொடங்கியது. நலங்கு வைக்க அவளைக் கூப்பிடுவதில்லை. வளைகாப்பில் பின்வரிசை. வெளியூர் புறப்படுவோர் அவள் உள்ளே போன பிறகே வாசல் தாண்டினர். கணவன் உயிரோடிருக்கும்போதே இந்த நிலை என்றால், கணவனை இழந்தவர் எதிரே வந்தால் நம் தெருக்களில் முகம் திருப்பும் கொடுமையைச் சொல்லவும் வேண்டுமா!

அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் நான் தத்துவம் பேசவில்லை. நான்கே கேள்விகள் கேட்டேன். மருமகள் வந்து ஆண்டு திரும்புமுன் சாவு விழுந்த வீடு நம் தெருவில் எத்தனை? இந்த ஒன்றையும் சேர்த்து இரண்டு என்றார். மருமகள் வந்தும் சாவு விழாத வீடு? விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பதினேழில் நிறுத்தினார். மருமகளே வராத வீடுகளில் சாவு விழுந்ததில்லையா? அதற்கும் பெயர்கள் வந்தன. இரண்டும் இல்லாத வீடுகளைச் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, களைப்பு மட்டும் இருந்தது. "அதையெல்லாம் யாரப்பா நினைச்சுப் பார்த்தா?" என்றார்.

பிறகு, குடும்ப அட்டையும் நிலப் பத்திரமும் வைத்திருந்த தகரப் பெட்டியைத் தாமே திறந்து, இறந்தவரின் மருந்துச் சீட்டுகளை எடுத்து என் கையில் கொடுத்தார். நெஞ்சு வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த முதல் சீட்டின் தேதி, திருமணத்துக்கு இரண்டாண்டு முந்தியது. அதை நான் உரக்கப் படித்தேன். அடுப்படியில் பாத்திரம் கழுவும் ஓசை நின்றது.